சரக்கறையும் அளவை நூலும்



தமிழில் 'அளவை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நெல்லை மரக்காலாலும் எண்ணெயை உழக்காலும் அளந்தோமே, அது ஓர் அளவை. ஒரு கூற்று மெய்யா, பொய்யா என்று காரணம் காட்டி நிறுவுகிறோமே, அதுவும் அளவைதான். மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரத்தில் மணிமேகலையிடம் அளவை வாதி எடுத்துரைப்பது இந்த இரண்டாவது அளவை. முன்னது கடைத்தெருவில் வாழ்ந்தது. பின்னது வாத மண்டபங்களில் வாழ்ந்தது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்திருக்கும் ஒரு துறையைப் பற்றி இன்று சிறிது ஆராய்வோம். சரக்கறையில் இருப்புக் கணக்கு வைப்பதற்கும், பெரிய சிப்பங்களைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டுவதற்கும் தர்க்க சாஸ்திரத்தைக் கணிப்பொறியின் வாயிலாகப் பயன்படுத்துவதுதான் அந்தத் துறை.

கணிப்பொறிக்கு வேலை சொல்லும் முறைகள் பல. பெரும்பாலான முறைகளில் நாம் யந்திரத்துக்குச் செய்முறையைச் சொல்லுகிறோம். முதலில் இதை எடு, அதனோடு அதைக் கூட்டு, கூட்டுத்தொகை இவ்வளவைத் தாண்டினால் நிறுத்து என்று, புதிய சமையற்காரருக்குப் பக்குவம் சொல்லுவது போலப் படிப்படியாகச் சொல்லவேண்டும். தர்க்க நிரலாக்கம் என்று பெயர் பெற்ற முறை அப்படிப்பட்டதன்று. அதில் நமக்குத் தெரிந்த உண்மைகளைச் சொல்லுகிறோம். அவற்றை இணைக்கும் விதிகளைச் சொல்லுகிறோம். அதன் பிறகு ஒரு கேள்வியைக் கேட்கிறோம். விடை காணும் பொறுப்பு யந்திரத்தைச் சேர்ந்தது.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1965-ஆம் ஆண்டில் ஜான் ஆலன் ராபின்சன் என்னும் அறிஞர், தர்க்க வாக்கியங்களிலிருந்து முடிவு காணும் வேலையை யந்திரம் செய்யத்தக்க ஒரே விதியாகச் சுருக்கிக் காட்டினார். அதை அடிப்படையாகக் கொண்டு, 1972-இல் பிரான்சு நாட்டின் மார்செய் நகரத்தில் அலான் கோல்மரோவர், ஃபிலிப் ரூசெல் ஆகியோர் புரோலாக் என்னும் மொழியை உருவாக்கினார்கள். எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கி அதற்குக் கொள்கை வடிவம் தந்தார். கோல்மரோவரின் நோக்கம் கடையுமன்று, கிடங்குமன்று. பிரெஞ்சு மொழியில் யந்திரத்தோடு உரையாட வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். 1982-இல் ஜப்பானிய அரசாங்கம் ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறி என்ற பெரும் திட்டத்தைத் தர்க்க நிரலாக்கத்தின்மீது கட்ட முற்பட்டபோது உலகமெங்கும் இதன் பெயர் அடிபட்டது. அந்தத் திட்டம் எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை. ஆனால் மொழி மறையவில்லை. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் உள்ள சாதாரணக் கணிப்பொறியிலேயே இயங்குகிறது.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு நன்கு பழக்கமான ஓரிடத்தில் இதைச் சோதித்துப் பார்ப்போம். மாட்டுங்காவிலோ கரோல் பாகிலோ உள்ள ஒரு தமிழ் மளிகைக்கடையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பொன்னி அரிசி வந்து இறங்குகிறது. சிப்பத்தின் எடை 26 கிலோ.

அது என்ன 26 என்று சிலர் கேட்கலாம். உறையிட்டுக் குறிப்பு அச்சிட்டு விற்கப்படும் அரிசி முதலிய தானியங்களுக்கு, உறையின் எடை 25 கிலோவுக்கு மேற்படாதிருந்தால் நூற்றுக்கு ஐந்து வீதம் சரக்கு சேவை வரி என்ற விதி 2022-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை, பதிவு பெற்ற வணிகப் பெயர் இல்லாத அரிசிக்கு அந்த வரி இருந்ததில்லை. விதி வந்ததுதான் தாமதம். சந்தையில் 26 கிலோ சிப்பங்கள் தோன்றிவிட்டன. வரி விதிக்கு ஏற்ப அரிசி ஒரு கிலோ பருத்ததை வேடிக்கை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைப் பிரித்துக் கட்ட வேண்டிய கடைக்காரருக்கு அது வேடிக்கையாக இல்லை.

அவரிடம் பத்துக் கிலோ, ஐந்து கிலோ, இரண்டு கிலோ என்று மூன்று அளவில் பைகள் இருக்கின்றன. பழக்கத்தின்படி அவர் பெரிய பையிலிருந்து தொடங்குவார். பத்துக் கிலோப் பை இரண்டு நிரப்பினால் ஆறு கிலோ எஞ்சும். அதில் ஐந்து கிலோப் பை ஒன்றை நிரப்பினால் ஒரு கிலோ எஞ்சும். அந்த ஒரு கிலோவுக்குப் பை இல்லை. சிப்பத்துக்கு ஒரு கிலோ வீதம் மூலையில் சேருகிறது. எந்த லாட்டு அரிசி, எப்போது வந்தது என்று பிறகு யாருக்கும் தெரிவதில்லை. பெரியதை முதலில் எடுப்பது என்ற எளிய வழி இங்கே தோற்றுப்போகிறது. பத்துக் கிலோவில் இரண்டும் இரண்டு கிலோவில் மூன்றும் கட்டியிருந்தால் ஒரு மணி அரிசியும் எஞ்சியிராது.

நம் பழைய முகத்தல் அளவைகளில் இந்தத் தொல்லை இல்லை என்பதை இவ்விடத்தில் கவனிக்கலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஒவ்வோர் அளவும் அடுத்ததில் சரிபாதி. எத்தனை ஆழாக்கு அரிசி இருந்தாலும் பெரிய அளவிலிருந்து தொடங்கி இறங்கி வந்தால் மீதியில்லாமல் முடியும். பத்து, ஐந்து, இரண்டு என்ற வரிசையில் ஐந்துக்குள் இரண்டு அடங்காது. கணக்கு அங்கேதான் வழுக்குகிறது.

இனி இதே விஷயத்தை யந்திரத்துக்குச் சொல்லுவோம். உண்மைகள் மூன்று: பெரிய பை பத்துக் கிலோ, நடுப்பை ஐந்து கிலோ, சிறிய பை இரண்டு கிலோ. விதி ஒன்று: பெரிய பைகளின் எண்ணிக்கையைப் பத்தாலும், நடுப்பைகளின் எண்ணிக்கையை ஐந்தாலும், சிறிய பைகளின் எண்ணிக்கையை இரண்டாலும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை சிப்பத்தின் எடைக்குச் சமமானால், அந்தக் கட்டு சரியான கட்டு. இவ்வளவுதான் நிரல். எதை முதலில் எடுப்பது என்று ஒரு சொல்கூட இதில் இல்லை. இப்போது கேட்கிறோம்: 26 கிலோவுக்குச் சரியான கட்டு எது?

யந்திரம் ஒரு விடை தரும். வேறு உண்டா என்றால் இன்னொன்று தரும். இப்படி ஆறு விடைகள் வரும். ஏழாவது முறை கேட்டால் இல்லை என்று சொல்லிவிடும். பெரியதில் இரண்டும் சிறியதில் மூன்றும் ஒரு விடை. பெரியதில் ஒன்று, நடுவில் இரண்டு, சிறியதில் மூன்று என்பது மற்றொன்று. பெரியதில் ஒன்றும் சிறியதில் எட்டும், நடுவில் நான்கும் சிறியதில் மூன்றும், நடுவில் இரண்டும் சிறியதில் எட்டும், சிறியதிலேயே பதின்மூன்றும். வேறு வழி கிடையாது. பட்டியலைப் பார்த்தவுடன் கடைக்காரருக்கு இரண்டு செய்திகள் புலப்படும். நடுப்பைகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வருகின்றன. சிறிய பைகள் மூன்றுக்குக் குறைந்து எந்த வழியும் இல்லை. கையில் இரண்டே சிறிய பைகள் இருந்தால் சிப்பத்தை அவிழ்ப்பதே வீண்.

கேள்வியைத் திருப்பியும் போடலாம். இந்த முறையின் அழகு இதுவே என்பது என் கருத்து. சிப்பத்தின் எடையைச் சொல்லிக் கட்டுகளைக் கேட்டோம். அதற்குப் பதிலாக, பெரிய பை ஒன்று, நடுப்பை இரண்டு, சிறிய பை மூன்று வேண்டும் என்று சொல்லி, எவ்வளவு எடை அவிழ்க்க வேண்டும் என்று கேட்கலாம். நடுப்பை மூன்றாவது வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் வற்புறுத்துகிறார் என்று சேர்த்துக் கேட்கலாம். அப்போது ஆறில் ஒன்றே ஒன்று தங்கும், நடுவில் நான்கும் சிறியதில் மூன்றும். செய்முறையாக எழுதிய நிரலில் இந்த மூன்று கேள்விக்கும் மூன்று நிரல் எழுத வேண்டியிருக்கும். இங்கே உண்மையும் விதியும் மாறவில்லை. கேட்கும் பக்கம்தான் மாறியது.

இனிமேல்தான் விஷயத்தின் உயிர்நிலைக்கு வருகிறோம். கடையில் இரண்டு சிப்பங்கள் இருக்கின்றன; மொத்தம் 52 கிலோ. சிறிய பை இரண்டே உண்டு. கட்டலாமா? மேலே சொன்ன விதியை 52-க்கு வைத்துப் பார்த்தால் கட்டலாம் என்று யந்திரம் சொல்லும். பெரிய பை ஐந்தும் சிறிய பை ஒன்றும் போதும். கணக்கு முற்றிலும் சரி. ஆனால் அனுபவமுள்ள கடைக்காரர் தலையை அசைத்து மறுப்பார். ஒரு சிப்பம் பழைய அரிசி, மற்றது புதிய அரிசி. பழைய அரிசி மிகுதியாகத் தண்ணீர் வாங்கும், உதிரியாக மலரும். புதிய அரிசி குழையும். இரண்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் ஒரு பானையில் பாதி வெந்தும் பாதி குழைந்தும் நிற்கும். கடைக்காரர் தம் வாழ்நாள் முழுவதும் இந்த விதியைக் கடைப்பிடித்து வருகிறார். ஆனால் ஒரு நாளும் அதை எழுதியதில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

எனவே ஒரு வாக்கியம் சேர்க்கிறோம்: ஒரு பையில் உள்ள அரிசி எல்லாம் ஒரே லாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இப்போது கேட்டால் யந்திரம் இல்லை என்கிறது. சிப்பத்துக்கு மூன்று வீதம் ஆறு சிறிய பைகள் தேவை. ஒன்று போதும் என்றிருந்தது ஒரே வாக்கியத்தால் ஆறாக மாறிவிட்டது. கலக்காதிருப்பதன் விலை ஐந்து பைகள் என்று கடைக்காரருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. அந்த விலையைக் கொடுப்பதா, வேண்டாமா என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது.

அரிசியில் இது சுவையைப் பற்றிய விஷயம். மருந்துக் கிடங்கில் உயிரைப் பற்றிய விஷயம். மாத்திரை அட்டைகளில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்டிருப்பதை நாம் பார்க்கிறோம். ஒரு தொகுதியில் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பப் பெற வேண்டும். பெரிய பெட்டிகளைப் பிரித்து மருத்துவமனைகளுக்குச் சிறு பெட்டிகளாக அனுப்பும்போது, இடம் மிச்சமாகிறது என்று இரண்டு தொகுதிகளைக் கலந்துவிட்டால், திரும்பப் பெறும் நாளில் எந்தப் பெட்டியைத் தேடுவது? எதன் காலம் முதலில் முடிகிறதோ அது முதலில் வெளியே போக வேண்டும் என்பது அங்கே இன்னொரு விதி. குளிர்பெட்டியில் வைக்க வேண்டியது வெளித்தட்டில் தங்கலாகாது என்பது மற்றொன்று. ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். செய்முறையாக எழுதிய நிரலில் புதிய விதி வரும்போதெல்லாம் எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று தேட வேண்டும். தர்க்க நிரலில் வாக்கியத்தை வாக்கியத்தோடு சேர்த்துவிடலாம். சொல்லுவது போல நடைமுறையில் அவ்வளவு சுலபமன்று என்பதை, எழுதிப் பழகியவர்கள் அறிவார்கள்; எனினும் இந்தத் திசையில் வேறெந்த முறையைக் காட்டிலும் இது சுலபம்.

முன்னே சொன்ன வரி விதியையும் இப்படியே எழுதலாம். உறையிட்டதும், குறிப்பு அச்சிட்டதும், 25 கிலோவுக்கு மேற்படாததுமான தானியப் பொட்டலம் வரிக்கு உட்பட்டது என்று ஒரே வாக்கியம். அதை எழுதியவுடன், 26 கிலோ சிப்பத்தைப் பிரித்துப் பத்துக் கிலோவாகக் கட்டும் கணத்தில் வரியும் கூடவே வருகிறது என்பதை யந்திரம் தானே முடிவு கட்டிவிடும். சட்டத்தைத் தர்க்க நிரலாக எழுதுவது கற்பனையன்று. 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் பெரும்பகுதியைக் கோவால்ஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் இவ்வாறு எழுதி, 1986-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒருவர் குடிமகனா அல்லவா என்று மட்டும் அந்த நிரல் சொல்லவில்லை. எந்தப் பிரிவினால் என்று காரணமும் காட்டியது. கிடங்கிலும் காரணம் வேண்டும். இந்தப் பெட்டியை ஏன் அனுப்பவில்லை என்று மேலதிகாரி கேட்டால், யந்திரம் சொல்லியது என்பது விடையாகாது. இன்ன தொகுதி, இன்ன தேதி, இன்ன விதி என்று சங்கிலியாகக் காட்ட முடிய வேண்டும்.

இந்த முறையின் குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. மேற்படி கணக்கில் பெரிய பை பூச்சியம் முதல் இரண்டு வரை, நடுப்பை பூச்சியம் முதல் ஐந்து வரை, சிறிய பை பூச்சியம் முதல் பதின்மூன்று வரை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால் 252 சேர்க்கைகள் ஆகின்றன. அவற்றில் ஆறு சரி. சிறு கணக்குக்கு இது பொருட்டன்று. பொருள்களும் பை அளவுகளும் பெருகினால் சேர்க்கைகள் கோடிக்கணக்கில் ஏறும். 1980-களில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். சேர்க்கைகளை உண்டாக்கிப் பிறகு சோதிப்பதற்குப் பதிலாக, நிபந்தனையையே முதலில் வேலை செய்யவிடுவது. நடுப்பை இரட்டைப்படையாக இருந்தே தீர வேண்டும் என்று தொடக்கத்திலேயே கண்டுகொண்டால், பெரிய பைக்கும் நடுப்பைக்கும் சேர்த்து ஒன்பது சேர்க்கைகளைப் பார்த்தால் போதும். சிறிய பையின் எண்ணிக்கை தானே விழுந்துவிடும். 252 எங்கே, ஒன்பது எங்கே! இதற்குக் கட்டுப்பாட்டுத் தர்க்க நிரலாக்கம் என்று பெயர். ஜாபர், லாஸெ ஆகிய இருவர் 1987-இல் இதற்குப் பொதுவான அடிப்படையை வகுத்தார்கள்.

அப்படியும் எல்லாக் கணக்குக்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான காகித உருளைகளை வெவ்வேறு அகலங்களில் வெட்ட வேண்டும், வீணாவது மிகக் குறைய வேண்டும் என்பது போன்ற கணக்குகளுக்கு, 1939-இல் ரஷ்யக் கணித அறிஞர் கான்டரோவிச் தொடங்கி வைத்து, 1961-இல் கில்மோர், கோமரி ஆகியோர் செப்பனிட்ட ஒருபடி நிரலாக்கமே சிறந்தது. அங்கே பொருள் பலவானாலும் நிபந்தனை ஒன்றுதான். பொருள் கொஞ்சம், நிபந்தனைகள் மிகப் பல, அவையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை என்ற இடத்தில்தான் தர்க்க முறை ஒளி வீசுகிறது. மளிகைக்கடையும் மருந்துக் கிடங்கும் பெரும்பாலும் அத்தகையவை.

இன்னொரு குறை நகைப்புக்குரியது. ஆனால் புதிதாக எழுதுவோர் அனைவரும் அதில் விழுகிறார்கள். ஒரு பெட்டியைப் பிரித்தால் இரண்டு அரைப்பெட்டி ஆகும் என்பது உண்மை. இரண்டு அரைப்பெட்டிகளைச் சேர்த்தால் ஒரு பெட்டி ஆகும் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் எழுதிவிட்டு, இந்த இருப்பிலிருந்து அந்தக் கட்டுக்குப் போக வழி உண்டா என்று புரோலாக் மொழியில் கேட்டால், யந்திரம் பெட்டியைப் பிரிக்கும், சேர்க்கும், மறுபடி பிரிக்கும், மறுபடி சேர்க்கும். நினைவறை நிரம்பும் வரையில் ஓயாது. அது முட்டாள்தனத்தால் செய்வதன்று. எழுதிய வரிசையில் முதல் வழியைப் பற்றிக்கொண்டு ஆழமாகப் போய்க்கொண்டே இருப்பது அதன் இயல்பு. ஒருமுறை கண்ட இருப்பு நிலையைப் பட்டியலில் குறித்துவைத்து, மறுமுறை அதே நிலை வந்தால் திரும்பிவிடு என்று கட்டுப்படுத்த வேண்டும். வழிமுறை என்பது தர்க்கமும் கட்டுப்பாடும் சேர்ந்தது என்று கோவால்ஸ்கி 1979-இல் எழுதியதன் கருத்து இதுதான். செய்முறையை முற்றிலும் மறந்துவிடலாம் என்று நம்பியவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கையாகவும் அமைந்தது.

தர்க்க வாக்கியம் என்றைக்கும் உண்மை. இருப்போ நொடிக்கு நொடி மாறுவது. இவை இரண்டும் எப்படிப் பொருந்தும்? காலையில் ஏழு சிப்பம் என்பது மெய். மாலையில் அது பொய். ஏழை அழித்து ஐந்து என்று எழுதுவது எளிது. ஆனால் அப்படி அழித்தால் நேற்று என்ன இருந்தது என்று பிறகு கேட்க முடியாது. 1986-இல் கோவால்ஸ்கியும் செர்கோவும் வெளியிட்ட நிகழ்ச்சிக் கணிதம் என்னும் முறை இதற்கு விடை சொல்லுகிறது. இருப்பை எழுதாதே, நிகழ்ச்சிகளை மட்டும் எழுது, எந்த நேரத்தின் இருப்பு வேண்டுமோ அதை நிகழ்ச்சிகளிலிருந்து அனுமானம் செய். இதைக் கேட்டவுடன் நம்மவர்களுக்குச் சிரிப்பு வரலாம். வரவையும் பற்றையும் தேதியிட்டு எழுதி, எழுதியதை அழிக்காமல், இருப்பை அவற்றிலிருந்து கட்டிக் காண்பதைத்தான் நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள்.

பொட்டலம் கட்டுவது இந்தப் பார்வையில் ஒரு விசித்திரமான நிகழ்ச்சி. அது ஒரே சமயத்தில் பற்றும் வரவும் ஆகும். சிப்பம் ஒன்று பற்று. பெரிய பை இரண்டு வரவு. சிறிய பை மூன்று வரவு. வரவின் எடையும், சிந்திச் சேதமானதன் எடையும் சேர்ந்து பற்றின் எடைக்குச் சமமாக வேண்டும். அவசரத்தில் பைகளை வரவு வைத்துவிட்டுச் சிப்பத்தைப் பற்று எழுத மறந்தால், புத்தகத்தில் 26 கிலோ அரிசி வானத்திலிருந்து விழுந்துவிடும். பற்று எழுதி வரவு மறந்தால் அரிசி ஆவியாகிவிடும். இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைக்காமல் பிரித்தல் என்ற ஒரே நிகழ்ச்சியாக எழுதி, சமநிலையை விதியாகச் சேர்த்துவிட்டால், ஒன்றை விட்டு மற்றொன்றை எழுதவே முடியாது.

கடைசியாக, இல்லை என்ற சொல்லைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இத்தனை நேரம் யந்திரம் பலமுறை இல்லை என்று சொல்லிவிட்டது. அதன் பொருள் என்ன? நான் அறிந்த உண்மைகளையும் விதிகளையும் கொண்டு, உண்டு என்று நிறுவ முடியவில்லை. ஆகவே இல்லை என்று கொள்கிறேன் என்பதே. 1978-இல் கீத் கிளார்க் இந்த வழக்கத்துக்கு ஒழுங்கான விளக்கம் எழுதினார். புத்தகத்தில் எழுதப்படாதது உலகத்திலும் இல்லை என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது.

பழைய அளவை நூலார் இந்த இடத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருந்தார்கள். மணிமேகலையில் வரும் அளவை வாதி எண்ணிக் காட்டும் பத்து அளவைகளுள் அபாவம் என்பதும் ஒன்று. ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது அது. குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகர்கள் இதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள். ஒரு பொருள் காணப்படவில்லை என்பதனாலேயே அது இல்லை என்று முடிவு செய்யலாகாது. இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலைமையில்தான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள அறையில் குடம் காணப்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

இருப்புப் புத்தகம் வெளிச்சமுள்ள அறையா, இருட்டறையா? மருந்து நேற்று மாலை வந்து இறங்கியிருக்கிறது. பெட்டி தட்டின்மேல் இருக்கிறது. பதிவு மட்டும் இன்னும் ஆகவில்லை. இரவில் ஒருவர் அவசரமாக வந்து கேட்கிறார். யந்திரம் ஐயமின்றி இல்லை என்கிறது. வந்தவர் வெறுங்கையோடு போகிறார். யந்திரத்தின் தர்க்கத்தில் பிழை கிடையாது. இருட்டறையைப் பார்த்து அது சொன்ன இல்லை அது.

இதற்கும் வழி உண்டு. கெல்ஃபாண்டு, லிஃப்ஷிட்ஸ் ஆகிய இருவர் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இரண்டு வகையான இல்லையைப் பிரித்துக் காட்டினார்கள். உண்டு என்று தெரியவில்லை என்பது ஒன்று. இல்லை என்று தெரியும் என்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு கிடங்குக்கு விதி எழுதினால் இவ்வாறு அமையும்: ஒரு தட்டை இன்று எண்ணிப் பார்த்தாகிவிட்டது, எண்ணிய பிறகு அந்தத் தட்டுக்கு வந்த சரக்கு ஒவ்வொன்றும் பதிவாகியிருக்கிறது, அந்தப் பதிவுகளில் இந்தப் பொருள் கிடையாது. இம்மூன்றும் கூடினால்தான் அந்தத் தட்டில் அந்தப் பொருள் இல்லை. எல்லாத் தட்டுகளும் இவ்வாறு தேறினால் யந்திரம் இல்லை என்று சொல்லலாம். ஒரு தட்டு தேறாவிட்டாலும் அது உண்டு என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. இன்ன வரிசையில் இன்ன தட்டு இன்னும் எண்ணப்படவில்லை என்று அதன் எண்ணைக் காட்டி நிற்கும். இரவுக் காவலர் விளக்கை எடுத்துக்கொண்டு அந்தத் தட்டுவரை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.